அந்தக் கண்ணாடிக் குழாயை வாயில் வைக்காதே

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

முதலில் என் கையெழுத்தை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்து மேலே ஏறும், அடுத்தது கீழே இறங்கும். சில இடங்களில் பேனாவை அழுத்திவிட்டேன், தாள் கிழிந்திருக்கிறது. மில்லில் சாய வாளி தூக்கியே பழகிய கை இது. பேனாவைப் பிடித்தால் எங்கே பிடித்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. வரி நேராக வரட்டும் என்று, வாசகசாலையில் எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் டீச்சரம்மா கோடு போட்ட அட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். தாளுக்கு அடியில் அது இருந்தும் இப்படித்தான் வருகிறது. ஆனால் இது முழுவதும் நானே எழுதியது. வாசகசாலையில் நான் தனியாகக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து டீச்சரம்மா, "பெரியவரே, நீங்க சொல்லுங்க, நான் எழுதித் தரேன், ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றார்கள். வேண்டாம் என்றேன். இது அவர்கள் காதில் விழக்கூடாத விஷயம். உன் காதில்கூட என் வாயால் விழக்கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

நீ எட்டாவது படிக்கும்போது நம் வீட்டுக் கடிதமெல்லாம் நீதான் எழுதுவாய். நான் சொல்வதையும் எழுதுவாய், சொல்லாததையும் எழுதுவாய். கோலாரில் இருந்த உன் சித்தப்பாவுக்கு எல்லாரும் சுகம் என்று மட்டும் எழுதச் சொன்னேன். நீ, "அப்பா உங்களை நினைத்துத் தினமும் ஏங்குகிறார், பொங்கலுக்குக் குடும்பத்தோடு வரவும்" என்று சேர்த்துவிட்டாய். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். "அண்ணா, நீ இவ்ளோ பாசம் வெச்சிருக்கேன்னு தெரியாம போச்சே" என்று என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் ஒன்றும் புரியாமல் முழித்தேன். நீ கதவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாய். என் கடிதத்தை நானே எழுத வேண்டும் என்ற ஆசை அன்றுதான் வந்தது. இந்த வயதில் அது கைகூடியிருக்கிறது. இப்போதெல்லாம் அல்சூர் கடைத்தெருவில் தமிழ் போர்டு ஒன்றையும் நான் விடுவதில்லை. நின்று கூட்டிப் படித்துவிட்டுத்தான் நகர்வேன். "கீரை வாங்கிட்டு வான்னு அனுப்பினா தெருவையே படிச்சிட்டு வர்றாரு" என்று உன் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இத்தனை சந்தோஷத்தில் நான் எழுதும் முதல் கடிதம் ஒரு பயத்தைச் சொல்கிற கடிதமாகப் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ முழுகாமல் இருக்கிறாய் என்று உன் அம்மா எனக்குச் சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே. அவளால் அடக்க முடியவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். சொன்ன கையோடு சத்தியமும் வாங்கினாள். "இந்தா, நல்லா கேட்டுக்க. வளையல் அடுக்குற நாள் வரைக்கும் இது வெளிய போகக்கூடாது. மாப்பிள்ளைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவ படிக்கிற எடத்துலயும் சொல்லல. கண்ணு பட்டுடும். நீயும் தெரியாத மாதிரியே இரு" என்றாள். "நான் தாத்தா ஆகப்போறேன், தெரியாத மாதிரி எப்படிடி இருக்கறது?" என்று கேட்டேன். "மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கினு இரு" என்றாள். அன்று நான் எத்தனை சந்தோஷப்பட்டேன் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் சாப்பிட்டேனா இல்லையா என்றே நினைவில்லை. உன் படிப்பைப் பற்றி அப்போது நான் யோசிக்கவேயில்லை.

அதற்குச் சில நாள் கழித்து வாசகசாலையில் பத்திரிகையைக் கையில் எடுத்தேன். அதுவரை பெரிய எழுத்துத் தலைப்புகளை மட்டும்தான் படிப்பேன். அன்று ஒரு செய்தியை முதலிலிருந்து கடைசிப் புள்ளி வரை யார் துணையும் இல்லாமல் படித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். பக்கத்தின் மூலையில் சின்னதாக இருந்த ஒன்றைப் பிடித்தேன். வெளிநாட்டுச் செய்தி. எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறவனுக்குக் கெட்ட செய்தி ஒரேயடியாக வந்து விழுவதில்லை. துளித்துளியாக வருகிறது. மாத்திரை என்று ஒரு வார்த்தை வந்தது. படித்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டேன். தூக்கம் என்று வந்தது. கர்ப்பிணிகள் என்ற வார்த்தையில் நெடுநேரம் தடுக்கி நின்றேன், கடைசியில் அதுவும் வந்துவிட்டது. அடுத்த வரியில் குழந்தைகள் என்று இருந்தது. பிறகு கைகள். பிறகு இல்லாமல். அந்த நாட்டில் தூக்கத்துக்கு என்று கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்ட பெண்களுக்குக் கையில்லாத, காலில்லாத குழந்தைகள் பிறந்திருக்கின்றன. விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்ததை டீச்சரம்மா பின்னால் நின்று கேட்டிருக்கிறார்கள். "ஒரு தப்பும் இல்லாம படிச்சுட்டீங்க பெரியவரே" என்று அவர்களுக்கு ஒரே பூரிப்பு. எனக்கோ நீ முன்பு காட்டிய கண்ணாடிச் சீசா கண் முன்னால் வந்து நின்றது.

உனக்கு நினைவிருக்கும். ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்து நன்றாக ஊன்றிக்கொண்ட பிறகு ஒரு நாள் என்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனாய். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உன் பின்னால் அந்த நீளமான வராந்தாவில் நடந்தேன். எதிரில் வந்த பையன்கள் உனக்கு வணக்கம் சொன்னார்கள், நானும் சேர்ந்து பதில் வணக்கம் சொன்னேன். அடைகாக்கும் பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்தாய். ஓட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, மேலே மெல்லிய தாள் ஒட்டியிருந்தாய். அதை உரித்து, "குனிஞ்சு பாருப்பா" என்றாய். மஞ்சள் கருவின்மேல் சிவப்பாக ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

"இதான் நெஞ்சு. அடிக்குது பாரு."

"கோழியவே காணோம், நெஞ்சு மட்டும் எப்படிம்மா அடிக்கும்?"

"மொதல்ல அதுதான்பா வரும். மத்ததெல்லாம் அப்புறம். ஒரே ஒரு செல் ரெண்டாகி, நாலாகி, பெருகிக்கிட்டே போவுது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. அதுல நீ இறக்கை, நீ காலுன்னு யார் சொல்றாங்க? அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பேரு இங்க உக்காந்திருக்கோம்."

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"நிறுத்திப் பாப்போம். நின்னாத்தானே எது நடத்துச்சுன்னு தெரியும்? இறக்கை வர்றதுக்குன்னு ஒரு நேரம் இருக்குப்பா. அந்த நேரத்துல இந்த மருந்தை விட்டோம்னா வராது. நேரம் போயிடுச்சுன்னா போனதுதான், அப்புறம் எவ்ளோ நாள் அடைகாத்தாலும் அது திரும்ப வரப்போறதில்ல."

சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து அந்தச் சீசாவை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாய். உள்ளே ஒரு குஞ்சு. கண் மூடி, கழுத்து மடங்கி, நன்றாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் இறக்கை இருந்தது. இன்னொரு பக்கம் வழவழவென்று ஒன்றுமே இல்லை. "இது கெடைச்ச அன்னைக்கு எங்க புரொபசர் சார் எல்லாருக்கும் காபி வாங்கிக் குடுத்தார்பா" என்றாய். உன் முகத்தில் அத்தனை பெருமை. எனக்கும் பெருமையாக இருந்தது. என் மகள் நின்று பேச, நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே அன்று எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகுதான் நீ அந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்தாய். ஒரு முனையை மருந்தில் வைத்து, இன்னொரு முனையை வாயில் வைத்து உறிஞ்சினாய். மருந்து குழாயில் ஏறி உன் உதட்டுக்கு விரல் தூரத்தில் நின்றது. வாயை எடுத்து விரலால் அடைத்து, ஒரு முட்டைக்கு ஒரு சொட்டாக விட்டுக்கொண்டே போனாய். வாயில் போய்விடாதா என்று கேட்டேன். "பழகிடுச்சுப்பா" என்றாய். வேறு வழி இல்லையா என்றதற்கு, "உறிஞ்சுறதுக்கு ரப்பர் குமிழ் இருக்கு, டிராயர்ல கெடக்குது. புதுசா வர்ற பசங்க அதை வெச்சுக்கினு திண்டாடுவாங்க. எனக்கு வாயிலதான் அளவு நிக்கும்" என்று சிரித்தாய். நான் விடவில்லை. "ஒரு சொட்டு உள்ள போயிட்டா?" என்றேன். "எப்பவாச்சும் நாக்குல படும். கசக்கும். துப்பிட்டு வாய் கொப்புளிச்சுப்பேன். இங்க படாதவங்க யாரு இருக்காங்க, சாருக்கே பட்டிருக்கு" என்றாய். உன் பக்கத்தில் வேலை செய்த பெண்ணும் தலையாட்டிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறேன். மில்லில் சாய அறையில் பீப்பாயிலிருந்து தொட்டிக்குச் சாயம் இறக்க நாங்களும் ரப்பர் குழாயை வாயில் வைத்துத்தான் உறிஞ்சுவோம். சரியான நேரத்தில் வாயை எடுத்தவன் கெட்டிக்காரன். எடுக்காதவன் நீலப் பல்லோடு வீட்டுக்குப் போவான். என்னோடு வேலை செய்த முனிரத்தினம், "சாயம் குடிக்காதவனுக்கு மில்லுல சம்பளம் கிடையாதுடா" என்பான். அவனுக்கு இருந்தாற்போல் இருந்து சாப்பாடு இறங்காமல் போயிற்று. ஆள் கரைந்துகொண்டே வந்து ஒரு மழைக்காலத்தில் போய்விட்டான். எதனால் என்று டாக்டர் சொல்லவில்லை. குழாயினால்தான் என்று நானும் சொல்ல மாட்டேன், எனக்கு அது தெரியாது. நாங்கள் எல்லாரும் செய்தோம், அதனால் அது எங்களை ஒன்றும் செய்யாது என்று நம்பினோம். அது மட்டும் எனக்குத் தெரியும். அவன் போன மறுநாளும் அதே குழாயை எடுத்து இன்னொருவன் வாயில் வைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மல்லேஸ்வரத்துக்கு உன் வீட்டுக்கு வந்தது இதைச் சொல்லத்தான். பஸ்ஸில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நீ மோர் கொண்டுவந்து கொடுத்தாய். முகம் வெளுத்திருந்தது. பெற்ற மகளிடம் அவள் வயிற்றைப் பற்றி அப்பன் எந்த வார்த்தையால் பேசுவான்? எனக்கு அப்படி ஒரு வார்த்தையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. "என்னப்பா, என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கே?" என்று நீயே கேட்டாய். "ஒண்ணுமில்லம்மா, உங்க தெருவுல தண்ணி ஒழுங்கா வருதா?" என்றேன். "வருது" என்றாய். "காலையிலயா சாயங்காலமா?" என்றேன். மாப்பிள்ளையும் பாவம், தண்ணீர் வரும் நேரத்தையெல்லாம் விளக்கமாகச் சொன்னார். நான் தலையாட்டிக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை நேராக உன் பல்கலைக்கழகத்துக்கே போனேன். இது உனக்குத் தெரியாது. நீ உள்ளே வகுப்பில் இருந்தாய். வராந்தாவில் உன் சார் வந்தார். "ஏனு யஜமான்ரே, யாரு பேக்கு?" என்று, யாரைப் பார்க்க வேண்டும் என்பதைக் கன்னடத்தில் மரியாதையாகக் கேட்டார். உன் அப்பா என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர் அவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்குத் தெரிந்த கன்னடத்தில், அந்த மருந்து மனுஷர் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். பொதுவாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முட்டைக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள், சொல்கிறேன், மனுஷருக்கு என்ன ஆகும் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது என்றார். அப்புறம் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். உன் கை மாதிரி ஒரு கை அவரிடம் படித்த யாருக்கும் இல்லையாம். வியாழக்கிழமை பண்ணையிலிருந்து நிறைய முட்டை வருகிறதாம், இனிமேல் மருந்து விடும் வேலை முழுவதையும் உன்னிடமே ஒப்படைக்கப் போகிறாராம். இதை ஒரு பரிசு கொடுக்கிற மாதிரி சொன்னார்.

அங்கேயே நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். வாய் வரைக்கும் வந்தது. உனக்கு முன்னால் அங்கே படித்த பெண்ணின் நினைவு வந்து என்னைத் தடுத்தது. நீதான் முன்பு சொன்னாய். குழந்தை உண்டாகியிருக்கிறது என்று அவள் சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் அன்பாகத்தான், "வீட்டுக்குப் போய் உடம்பைப் பார்த்துக்கோம்மா, படிப்பு எங்க போயிடப்போவுது" என்றார். அவள் மேசையில் அடுத்த மாதம் வேறு பையன் உட்கார்ந்தான். அவள் திரும்ப வரவேயில்லை. அந்தக் கதையைச் சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கண் படும் என்று உன் அம்மா மறைக்கிறாள், இடம் போய்விடும் என்று நீ மறைக்கிறாய். இரண்டு பேர் காரணமும் வேறு வேறு. நடுவில் அந்தக் குழாய் தினமும் உன் வாய்க்கு வந்து போகிறது. நான் அவரிடம் சொல்லியிருந்தால் உன் இடத்தை நானே பிடுங்கிக் கொடுத்தவன் ஆகியிருப்பேன். உன் வாயால் நீ சொல்ல வேண்டிய வார்த்தை அது. அதனால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்தது சரியா என்று இன்று வரை தெரியவில்லை.

மகளே, குழந்தையா படிப்பா என்று உன்னை நிறுத்தி வைத்துக் கேட்க நிறையப் பேர் வருவார்கள். நான் கேட்க மாட்டேன். நம் மர்பி டவுன் வீட்டிலிருந்து அந்த மேசை வரைக்கும் நீ எப்படிப் போனாய் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். இன்றைக்கு உள்ளே போனதும் டிராயரைத் திறந்து அந்த ரப்பர் குமிழை எடுத்துக்கொள். புதுப் பையன்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அளவு நிற்காவிட்டால் நிற்காமல் போகட்டும், நாலு முட்டை வீணானால் வீணாகட்டும். பிறகு சாரிடம் போ. நீ முழுகாமல் இருக்கிறாய் என்று சொல். மருந்து வேலையை மட்டும் சில மாதத்துக்கு வேறு யாராவது செய்யட்டும், பார்க்கிற வேலையும் எழுதுகிற வேலையும் நான் செய்கிறேன், என் மேசையை விட மாட்டேன் என்று சொல். அவர் அன்பாக வீட்டுக்குப் போகச் சொல்வார். அந்த அன்புக்கு மட்டும் தலையாட்டிவிடாதே. மறுநாளும் போய் உன் மேசையில் உட்கார். தேவைப்பட்டால் நானும் வந்து அந்த வராந்தாவில் உட்காருகிறேன், எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையிடமும் சொல், அவர் உன் பக்கம் நிற்பார். கண் படுவதைப் பற்றி உன் அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் எழுதாமல் விட முடியவில்லை. நாக்கில் பட்டது என்றாயே, அது எப்போது, இந்தக் குழந்தை வருவதற்கு முன்பா, வந்த பிறகா என்று நான் மனசில் கணக்குப் போட ஆரம்பிக்கிறேன். பாதியில் நிறுத்திவிடுகிறேன். நீயும் அந்தக் கணக்கை உன்னிடமே வைத்துக்கொண்டு தவிக்காதே. ஒரு நல்ல லேடி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல். அவளுக்கும் தெரியாமல் போகலாம். உன் சார் சொன்ன மாதிரி யாருக்கும் தெரியாததாகவே இருக்கலாம். தெரியாது என்பதை ஒன்றுமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

திங்கட்கிழமை சாயங்காலம் இதை ஆரம்பித்தேன். இன்று வியாழக்கிழமை, விடிந்துவிட்டது. ஒரு வரி முடிக்க எனக்கு அத்தனை நேரம் ஆகிறது. எழுதும்போது சந்தோஷமாகவும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு நாளும் வரியை முடித்துப் பேனாவை மூடும்போது, இதற்குள் நீ எத்தனை முட்டைக்கு மருந்து விட்டிருப்பாய் என்று நினைப்பு வரும். அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது என்று நீ சொன்னது காதில் கேட்கும். உன் வயிற்றில் ஓடுவது எந்த நேரம் என்று எனக்குத் தெரியாது. தபாலில் போட்டால் நாளைக்கோ மறுநாளோதான் உன் கைக்கு வரும். முட்டை இன்றைக்கு வருகிறது. அதனால் நானே கொண்டுவருகிறேன். பஸ் போர்டு கன்னடத்தில் இருக்கும், கண்டக்டரைக் கேட்டு ஏறிக்கொள்வேன்.

பல்கலைக்கழக வாசலில் நிற்பேன். என்னிடம் ஒன்றும் கேட்காதே, நானும் ஒன்றும் பேச மாட்டேன். கையில் கொடுத்துவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். படித்து முடித்த பிறகு உள்ளே போ. பிறக்கப்போகிற பிள்ளைக்கு நான் யோசித்து வைத்திருக்கும் பெயர்களையும், நீ பிறந்த அன்று நடந்ததையும் இதிலேயே எழுத நினைத்திருந்தேன். அதையெல்லாம் வரும் வாரம் உட்கார்ந்து எழுதுகிறேன். அவை காத்திருக்கும். உன் அம்மா எங்கே கிளம்பிவிட்டேன் என்று கேட்கிறாள். உன்னைப் பார்க்க என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா